ஃப்ளூ நோயாளியின் நுரையீரல் ஸ்கேனையும் ரத்த அறிக்கையையும் இணைத்துப் படிப்பது: முதல் முறை செய்பவர்களுக்கு

முதுநிலை மருத்துவம் படிக்கும் மாணவர்கள் ஆய்வேட்டுப் பருவத்தில் என்னிடம் ஓர் எக்செல் கோப்போடு வருவார்கள். ஒரு நெடுவரிசையில் நுரையீரலின் சி.டி. ஸ்கேனுக்கு இட்ட மதிப்பெண் இருக்கும். அடுத்ததில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுவின் எண்ணிக்கை, அதற்கடுத்து அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதங்களான சி.ஆர்.பி., இன்டர்லூகின்-6. “இவற்றுக்குள் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்பார்கள். கணினிக்கு அது அரை நொடி வேலை. அதற்கு முன் நான் கேட்பது ஒன்றுதான்: காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாளில் ஸ்கேன் எடுத்தீர்கள், எத்தனையாவது நாளில் ரத்தம் எடுத்தீர்கள்? பெரும்பாலும் கோப்பில் அந்த நெடுவரிசையே இருக்காது.

இந்தக் கேள்வியை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையின் ஃப்ளூ நோயாளிகள் பட்டியலை வைத்துக்கொண்டு, ஸ்கேன் மதிப்பெண் ஏற ஏற லிம்ஃபோசைட் எண்ணிக்கையும் ஏறுவதாகக் கண்டுபிடித்தேன். நோய் முற்றினால் லிம்ஃபோசைட் குறையும் என்பது வார்டில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். எனக்கு வந்த விடையோ தலைகீழ். புதிதாக ஏதோ கிடைத்துவிட்டது என்று இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை. மூன்றாம் நாள் ஒரு செவிலியர், “வென்டிலேட்டரில் இருப்பவர்களை அதிலிருந்து எடுத்த பிறகுதானே ஸ்கேனுக்குக் கொண்டுபோவோம்?” என்று சாதாரணமாகக் கேட்டார். அத்தோடு முடிந்தது. கடுமையான நோயாளிகளுக்கு ஸ்கேனும் அன்றைய ரத்தமும் இரண்டாம் வாரக் கடைசியில். லேசான நோயாளிகளுக்கு மூன்றாம் நாளிலேயே. முந்தையவர்களுக்கு லிம்ஃபோசைட் மீண்டுவிட்டது, நுரையீரல் நிழல் இன்னும் கரையவில்லை. நோயை அளப்பதாக நினைத்துக்கொண்டு நாள்காட்டியை அளந்திருக்கிறேன்.

ஆகவே கீழே வரும் படிகளில் எதை விட்டாலும் இரண்டாம் படியை விடாதீர்கள்.

தொடங்கும் முன்: ரத்தத்தில் ஏன் குறைகிறது?

தேர்த்திருவிழா அன்று ஒரு தெருவுக்குள் நுழைந்தால் வீடுகள் வெறிச்சோடிக் கிடக்கும். ஊரில் ஆளே இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. எல்லோரும் தேரடியில் நிற்கிறார்கள். ஃப்ளூ நோயாளியின் ரத்தத்தில் லிம்ஃபோசைட் குறைவதற்கு ஒரு பகுதிக் காரணம் இதுதான். வைரஸ் தாக்கிய நுரையீரல் திசுவிலிருந்து ஐ.பி.-10 போன்ற அழைப்புப் புரதங்கள் சுரக்கின்றன. லிம்ஃபோசைட்டில் ஒரு வகையான டி செல்கள் ரத்தத்தை விட்டு அங்கே போகின்றன. இன்னொரு பகுதி செல்கள் செத்தும் போகின்றன. எவ்வளவு போனது, எவ்வளவு செத்தது என்று கையிலிருந்து எடுத்த 3 மில்லி ரத்தம் சொல்லாது. நீங்கள் எண்ணுவது தெருவில் மிச்சம் இருப்பவர்களை. ஸ்கேன் காட்டுவது தேரடிக் கூட்டத்தை, அதுவும் தூரத்திலிருந்து, புழுதியாக மட்டும்.

சாதாரணப் பருவகால ஃப்ளூவில் பெரும்பாலானோருக்கு நோய் மேல் மூச்சுப்பாதையோடு நின்றுவிடும், ஸ்கேனே தேவைப்படாது. பறவை ஃப்ளூ வைரஸ்களில் கதை வேறு. அவை ஒட்டிக்கொள்ள விரும்பும் ஏற்பிகள் மனித நுரையீரலின் ஆழத்தில், காற்றறைகளில்தான் அதிகம் இருக்கின்றன. 1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 முதன்முறையாக மனிதர்களிடம் பரவியபோது 18 பேர் பாதிக்கப்பட்டு 6 பேர் இறந்தார்கள். 2013 மார்ச் 31 அன்று சீனா எச்7என்9 நோயாளிகளை அறிவித்தது; ஷாங்காயும் அன்ஹுயி மாகாணமும் தொடக்க இடங்கள். ஏப்ரல் 6இலிருந்து ஷாங்காயின் உயிர்க்கோழிச் சந்தைகள் மூடப்பட்டன. அடுத்தடுத்த குளிர்காலங்களில் மொத்தம் 1,500 பேருக்கு மேல் அந்த வைரஸ் தாக்கியது. அவர்களில் பெரும்பாலோருக்கு நிமோனியா இருந்தது. ஸ்கேனையும் நோய் எதிர்ப்புக் குறியீடுகளையும் சேர்த்துப் படிப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள எச்7என்9 நல்ல பாடம் என்பதால் அதை அடிக்கடி எடுத்துக்கொள்வேன்.

படி 1: யார் உள்ளே, யார் வெளியே

ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனையில் இன்ஃப்ளூயன்ஸா உறுதியானவர்கள் மட்டும் உள்ளே. ‘ஃப்ளூ போன்ற காய்ச்சல்’ என்று சீட்டில் எழுதியிருப்பவர்களைச் சேர்த்தால் எண்ணிக்கை கூடும். அதோடு வேறு நாலு வைரஸ்களும் கூடும். விரைவு ஆன்டிஜன் சோதனையில் நெகட்டிவ் வந்ததை வைத்து யாரையும் ‘ஃப்ளூ இல்லாதவர்’ பட்டியலில் போடாதீர்கள், அது பலரைத் தவறவிடும் சோதனை.

குழந்தைகளையும் பெரியவர்களையும் ஒரே பட்டியலில் கலக்க வேண்டாம். சிறு குழந்தைகளுக்கு லிம்ஃபோசைட் இயல்பாகவே அதிகம். பெரியவர்களுக்கான கீழ் எல்லையை அவர்களுக்கு வைத்தால் தவறு. எச்.ஐ.வி., ரத்தப் புற்றுநோய், உறுப்பு மாற்று மருந்து, இவை உள்ளவர்களைத் தனியே குறித்துவையுங்கள். ஏற்கெனவே நுரையீரல் தழும்பு உள்ளவர்களையும்தான். பழைய காசநோய்த் தழும்பைப் புதிய ஃப்ளூவின் கணக்கில் எழுதிய ஆய்வேட்டை நான் பார்த்திருக்கிறேன்.

ஆய்வுக்கென்று யாருக்கும் புதிதாக ஸ்கேன் எடுக்க வேண்டாம். ஒரு மார்பு ஸ்கேனின் கதிர்வீச்சு ஏறத்தாழ 5 முதல் 7 மில்லிசீவர்ட். சாதாரண மார்பு எக்ஸ்ரே 0.1 அளவுதான். சிகிச்சைக்காக எடுத்ததையே பயன்படுத்துங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்த பிறகு படங்களைப் பிரதி எடுக்கும்போது டைகாம் கோப்பின் (ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் வடிவம்) தலைப்பகுதியில் நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் ஒளிந்திருக்கும், நீக்கிவிடுங்கள். சில இயந்திரங்கள் படத்தின் மூலையிலேயே பெயரை அச்சிட்டுவிடும். அதைத் தனியாக அழிக்க வேண்டும்.

படி 2: நாளைக் கட்டிவையுங்கள்

கோப்பில் முதலில் உருவாக்க வேண்டியவை மூன்று தேதிகள். அறிகுறி தொடங்கியது, ரத்தம் எடுத்தது, ஸ்கேன் எடுத்தது. மருத்துவமனையில் சேர்ந்த தேதி இவற்றுக்கு மாற்றாகாது. ஒருவர் இரண்டாம் நாளே ஓடி வருவார். இன்னொருவர் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு எட்டாம் நாள் மூச்சுத் திணறலோடு வருவார். இருவருக்கும் அது ‘சேர்க்கை நாள்’தான்.

அறிகுறி தொடங்கிய நாளைக் கேட்பதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். “எப்போதிலிருந்து உடம்பு சரியில்லை?” என்று கேட்டால் “ஒரு வாரமாக” என்று வரும். ஒரு வாரம் என்பது ஐந்து நாளாகவும் இருக்கலாம், பன்னிரண்டு நாளாகவும் இருக்கலாம். “கடைசியாக நன்றாகச் சாப்பிட்டு வேலைக்குப் போனது என்று?” என்று கேளுங்கள். திருமணம், சந்தை நாள், சம்பள நாள் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு வீட்டில் உள்ளவர்கள் தேதியைச் சொல்லிவிடுவார்கள்.

இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், இந்தக் குறியீடுகள் ஒவ்வொன்றும் தனித்தனி வேகத்தில் ஓடுகின்றன. இன்டர்லூகின்-6 முதலில் ஏறும், இறங்குவதிலும் முந்திக்கொள்ளும். அதன் தூண்டுதலால் கல்லீரல் சி.ஆர்.பி. புரதத்தைச் செய்கிறது, அது ஏறத் தொடங்க ஆறு மணி நேரமாவது ஆகும், உச்சத்தைத் தொட இரண்டு நாள். தூண்டுதல் நின்றதும் ஏறத்தாழ 19 மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகும். ஆக, நோய் தணியத் தொடங்கிய நான்காம் நாளில் சி.ஆர்.பி. கிட்டத்தட்ட வற்றியிருக்கும். நுரையீரல் நிழலுக்கு அந்த அவசரம் இல்லை. காற்றறையில் தேங்கிய நீரும் செல் குப்பையும் கரைந்து போக வாரக்கணக்கில் ஆகும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தழும்பாக மாதக்கணக்கில் நிற்கும்.

ரத்தம் முன்னால் போகிறது, படம் பின்னால் வருகிறது. அதனால் நான் பரிந்துரைப்பது இது: ஸ்கேனும் ரத்தமும் 24 மணி நேரத்துக்குள் எடுக்கப்பட்ட ஜோடிகளை மட்டும் முதன்மைக் கணக்கில் சேருங்கள். அந்த ஜோடிகளையும் நோய் நாளின்படி பிரியுங்கள், உதாரணமாக 1 முதல் 3, 4 முதல் 7, 8 முதல் 14. ஒரு கூடையில் ஆள் போதவில்லை என்றால் போதவில்லை என்று எழுதுங்கள், இரண்டு கூடைகளைக் கொட்டிக் கலக்காதீர்கள்.

எச்7என்9 நோயாளிகளிடம் ஷாங்காயில் செய்து 2015இல் வெளியான ஆய்வு நினைவில் நிற்பது இந்தக் காரணத்தால்தான். அதில் ஒரே நோயாளியிடம் நாள் வரிசைப்படி பலமுறை ரத்தம் எடுத்தார்கள். இரண்டு மூன்று வாரத்தில் வீடு திரும்பியவர்களுக்கு வைரஸை அடையாளம் கண்டு, தொற்றிய செல்களைக் கொல்லும் சிடி8 டி செல்கள் முன்னதாகவே எழுந்திருந்தன. நெடுநாள் படுத்தவர்களுக்கு சிடி8 செல்களும், உதவிக்கு வரும் சிடி4 டி செல்களும், ஆன்டிபாடியும் தாமதமாகவே வந்தன. மொத்தம் 16 பேர்தான். நாள் வரிசை இல்லாமல் அந்தப் பதினாறு பேரின் ஏதாவது ஒரு நாள் ரத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் அங்கே சொல்வதற்கு ஒன்றுமே இருந்திருக்காது.

படி 3: படத்தை எண்ணாக மாற்றுதல்

வலது நுரையீரலில் மூன்று மடல், இடதில் இரண்டு. ஒவ்வொரு மடலிலும் எவ்வளவு பரப்பு பாதிக்கப்பட்டது என்று கண்ணால் மதிப்பிட்டு 0 முதல் 5 வரை மதிப்பெண் இடுவது பரவலான முறை. பாதிப்பே இல்லை என்றால் 0, 5 சதவீதத்துக்குள் 1, 25 வரை 2, 50க்குள் 3, 75 வரை 4, அதற்கு மேல் 5. கூட்டினால் உச்சம் 25. கோவிட் காலத்தில் நம் செய்தித்தாள்கள்வரை பிரபலமான ‘25க்கு இவ்வளவு’ இதுதான். ஃப்ளூவுக்கும் இதை எடுத்துக்கொள்ளலாம், இரண்டு குறைகளைத் தெரிந்துகொண்டு.

வலது நடு மடல் சிறியது, கீழ் மடல் பெரியது. ஆனால் இரண்டுக்கும் உச்சம் ஒரே 5. சிறிய மடல் முழுவதும் போனவரும் பெரிய மடல் முழுவதும் போனவரும் இந்தக் கணக்கில் சமம். இன்னொன்று, பாதிப்பின் தன்மை இதில் வராது. கிரவுண்ட் கிளாஸ் என்று கதிரியக்க மருத்துவர்கள் சொல்வது, உரசிய கண்ணாடிக்குப் பின்னால் தெரிவதுபோல ரத்தக்குழாய்கள் மங்கலாகவாவது தெரிகிற நிலை. கன்சாலிடேஷனில் காற்று முழுதும் வெளியேறி அந்த இடம் வெள்ளையாக இறுகியிருக்கும், உள்ளே குழாய்கள் தெரியாது. இரண்டுக்கும் தனித்தனி நெடுவரிசை வையுங்கள். தொடக்க நாள் மங்கலும் பிற்கால இறுகலும் ஒரே ரத்தக் குறியீட்டோடு ஒரே விதமாக உறவாட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

கணினி மென்பொருள் வைத்து அடர்த்தியை அளப்பவர்கள் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகைப் பயன்படுத்துவார்கள். காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு 1971இல் முதல் நோயாளியை இந்த இயந்திரத்தில் படுக்க வைத்தார். 1979இல் நோபல் பரிசு பெற்றார். அவர் பெயரிலான அளவுகோலில் காற்று கழித்தல் 1000, தண்ணீர் 0. நலமான நுரையீரல் கழித்தல் 850ஐ ஒட்டி இருக்கும். கண்ணால் படிப்பதானால் நுரையீரல் விண்டோவில் (நுரையீரல் தெளிவாகத் தெரியத் திரையில் வைக்கும் அமைப்பு) பாருங்கள், அகலம் 1500, மையம் கழித்தல் 600. எல்லாப் படங்களுக்கும் அதே அமைப்பு. துண்டின் தடிமன் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் உள்ள படங்களாகக் கேட்டு வாங்குங்கள்.

இங்கே புதியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. ஸ்கேன் எடுக்கும்போது மூச்சை முழுதும் இழுத்துப் பிடிக்க வேண்டும். மூச்சுத் திணறுபவரால் அது முடியாது. பாதி மூச்சில் எடுத்த படத்தில் நலமான நுரையீரலே மங்கலாகத் தெரியும். யாரால் மூச்சைப் பிடிக்க முடியவில்லை? மிகவும் நோயுற்றவரால். அவருடைய லிம்ஃபோசைட்தான் குறைவாகவும் இருக்கும். ஆக, படத்தின் பிழை நீங்கள் எதிர்பார்க்கும் தொடர்பின் பக்கமாகவே சாய்ந்து, இல்லாத உறவை இருப்பதாகக் காட்டும். மூச்சுக்குழாயின் பின்சுவர் உள்நோக்கி வளைந்திருந்தால் அது மூச்சை வெளிவிட்ட நிலையில் எடுத்த படம் என்று குறித்துவையுங்கள். மல்லாந்து படுப்பதால் முதுகுப் பக்கம் நுரையீரல் சற்று ஒடுங்கி உண்டாகும் நிழலையும், இதயம் தளர்ந்து நீர் கோத்ததையும் இதே கண்ணோடு பாருங்கள்.

மதிப்பெண் இடுபவர் இருவர் வேண்டும், இருவருக்கும் ரத்த அறிக்கை தெரியக் கூடாது. இருவருக்கும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைத் தொடக்கத்திலேயே இருபது படங்களில் சோதித்துவிடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் உட்கார்ந்து பேசி வரையறையைத் திருத்திக்கொள்ள அப்போது நேரம் இருக்கும். நூறு படம் முடிந்த பிறகு இருக்காது.

படி 4: ரத்தத்தில் எதை எடுப்பது

தமிழில் எழுதும்போது ஒரு சின்னத் தொல்லை: படமெடுக்கும் சி.டி.யும், செல்லின் மேற்பரப்பை அடையாளம் காட்டும் சிடி4, சிடி8இன் சி.டி.யும் ஒரே எழுத்தில் வந்து நிற்கும். என் குறிப்பேட்டில் ஒரு முறை ‘சிடி கூடியது’ என்று எழுதிவிட்டு, கூடியது எது என்று ஒரு மாலை முழுதும் தேடியிருக்கிறேன். அதிலிருந்து படத்துக்கு ‘ஸ்கேன்’ என்ற சொல் மட்டும்தான்.

பணமும் வசதியும் குறைந்த இடத்தில் இருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். எல்லா நோயாளிகளுக்கும் எடுக்கும் முழு ரத்த எண்ணிக்கையிலேயே நிறைய இருக்கிறது. பெரியவர்களுக்கு லிம்ஃபோசைட் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஏறத்தாழ 1,000க்குக் கீழே போனால் குறைவு. நியூட்ரோஃபிலை (இன்னொரு வகை வெள்ளணு) லிம்ஃபோசைட்டால் வகுத்து வரும் விகிதம் பலரும் பயன்படுத்துவது. எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. விகிதம் ஏறினால் மேலே உள்ளது ஏறியதா, கீழே உள்ளது இறங்கியதா என்று தெரியாது. இரண்டையும் தனித்தனியே பதியுங்கள், விகிதத்தைக் கணினி எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளும்.

ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை வகைவாரியாக எண்ணும் முறை) வசதி இருந்தால் எல்லா டி செல்களுக்கும் பொதுவான சிடி3, பிறகு சிடி4, சிடி8. அறிக்கையில் சதவீதமும் இருக்கும், முழு எண்ணிக்கையும் இருக்கும். முழு எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். சிடி4 செல்களும் சிடி8 செல்களும் ஒன்றுபோலப் பாதியானால் சதவீதம் அசையாது, சிடி4-சிடி8 விகிதமும் அசையாது. நோயாளியோ பாதிப் படையை இழந்து நிற்பார். இதற்கான ரத்தம் ஈ.டி.டி.ஏ. குழாயில், ஊதா மூடி, அன்றோ மறுநாளோ ஓட்டிவிட வேண்டும்.

சைட்டோகைன் (இன்டர்லூகின்-6 போல, செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரதங்கள்) அளப்பதானால் பிரித்தெடுக்கும் நேரம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். சிலருக்குச் சீரம், சிலருக்குப் பிளாஸ்மா என்று கலக்கக் கூடாது. கழித்தல் 80 டிகிரியில் சிறு சிறு குப்பிகளாக உறைய வையுங்கள். ஒரே குப்பியை உருக்கி உறைய வைத்து மறுபடி உருக்கினால் அளவு மாறிவிடும். இரவுப் பணியில் எடுத்த ரத்தம் காலைவரை மேசையில் கிடந்தால் செல்கள் குழாய்க்குள்ளேயே இன்டர்லூகின்-8 சுரந்துகொண்டிருக்கும். நீங்கள் அளப்பது நோயாளியின் அழற்சியா, மேசையின் அழற்சியா என்று சொல்ல முடியாது.

புரோகால்சிட்டோனின் என்ற ரத்தப் புரதம் வேறொரு காரணத்துக்காக வேண்டும். வைரஸ் மட்டும் தாக்கியிருந்தால் இது பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும்; வைரஸை எதிர்த்து எழும் இன்டர்ஃபெரான் காமா இதன் சுரப்பை அடக்குகிறது. ஃப்ளூவின் மேல் நிமோகாக்கஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியா ஏறினால் எண் உயரும். 1918 பெருந்தொற்றில் இறந்தவர்களில் பெரும்பாலோரின் நுரையீரலில் பாக்டீரியா நிமோனியா இருந்தது என்று பாதுகாத்து வைத்திருந்த திசுக்களை மறுபடி பார்த்தவர்கள் 2008இல் எழுதினார்கள். உங்கள் பட்டியலிலும் அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய கன்சாலிடேஷனை வைரஸின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

அலகைப் பாருங்கள். ஓர் ஆய்வகம் சி.ஆர்.பி.யை லிட்டருக்கு மில்லிகிராமில் தரும், இன்னொன்று டெசிலிட்டருக்குத் தரும். பத்து மடங்கு வேறுபாடு. ‘2க்குக் கீழ்’ என்று வரும் விடைகளை எக்செல் எழுத்தாக எண்ணிச் சத்தமில்லாமல் கணக்கிலிருந்து தள்ளிவிடும். அவர்கள்தான் உங்கள் பட்டியலின் லேசான நோயாளிகள்.

படி 5: முதலில் படம், பிறகு எண்

கோரிலேஷன் (தொடர்பின் அளவை எண்ணாகத் தருவது) பொத்தானைத் தொடும் முன் புள்ளிப் படம் வரையுங்கள். ஸ்கேன் மதிப்பெண் வரிசை சொல்லும் எண், 20 என்பது 10இன் இரு மடங்கு நோய் என்று பொருள் இல்லை. சைட்டோகைன் அளவுகளோ நூறு பேரிடம் 10, 20 என்று இருந்து இரண்டு பேரிடம் 3,000க்குத் தாவும். ஆகவே எண்களை விட்டுவிட்டுத் தரவரிசையை மட்டும் ஒப்பிடும் ஸ்பியர்மன் முறையே பொருத்தம். சார்லஸ் ஸ்பியர்மன் 1904இல் சொன்னது, இன்னும் துருப்பிடிக்கவில்லை.

கையால் ஒரு முறை போட்டுப் பாருங்கள். கற்பனையாக ஆறு நோயாளிகள். ஸ்கேன் மதிப்பெண் 4, 9, 12, 15, 18, 22. அதே வரிசையில் லிம்ஃபோசைட் 1,600, 1,300, 900, 1,100, 500, 600. ஸ்கேனின் தரவரிசை 1, 2, 3, 4, 5, 6. லிம்ஃபோசைட்டின் தரவரிசை, குறைந்ததிலிருந்து எண்ணினால், 6, 5, 3, 4, 1, 2. ஒவ்வொரு ஜோடியின் வேறுபாட்டையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் 66. அதை ஆறால் பெருக்கி, 6 பெருக்கல் 35 ஆகிய 210ஆல் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்தால் கழித்தல் 0.886. ஆறு பேருக்கு, தற்செயல் அல்ல என்று ஏற்கும் புள்ளியியல் எல்லையைச் சரியாகத் தொடும் எண் இது. மாணவர் துள்ளிக் குதிப்பார்.

இப்போது ஆறாவது நோயாளியின் ரத்தம் ஐந்தாம் நாளுக்குப் பதில் பத்தாம் நாளில் எடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அவர் தேறி, லிம்ஃபோசைட் 1,200 ஆகிவிட்டது. மற்ற ஐவருக்கும் எதுவும் மாறவில்லை. மறுபடி போட்டால் கழித்தல் 0.6. எல்லைக்குள் வராது. ஒரே ஒருவரின் ஒரே ஒரு தேதி.

எத்தனை பேர் வேண்டும் என்பது எல்லோரும் கேட்பது. 0.5 அளவுள்ள தொடர்பை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க ஏறத்தாழ 30 பேர், 0.3 என்றால் 85 பேர். இது ஒரே ஒரு சோதனைக்கு. ஐந்து மடல், பன்னிரண்டு சைட்டோகைன் என்று எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் மோத விட்டால் 60 சோதனை. ஒன்றுமே இல்லாத இடத்திலும் சராசரியாக மூன்று ‘முக்கியமானவை’ தற்செயலாகக் கிடைக்கும். அந்த மூன்றையும் வைத்து ஆய்வேட்டின் முடிவுரையை எழுதுபவர்கள் உண்டு. முதன்மையாக எந்த ஜோடியைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கோப்பைத் திறக்கும் முன்பே ஒரு தாளில் எழுதித் தேதியிட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் மொத்த ஸ்கேன் மதிப்பெண்ணும் முழு லிம்ஃபோசைட் எண்ணிக்கையும். மற்றவை துணை, அவற்றுக்குப் பல சோதனை செய்ததற்கான திருத்தம் செய்தே தீர வேண்டும்.

ஒரே நோயாளியின் மூன்று ஸ்கேன்களை மூன்று நோயாளிகளாக எண்ணாதீர்கள். பலமுறை எடுத்த தரவு கையில் இருந்தால் அதற்கான கலப்பு மாதிரி (ஒரே ஆளின் பல அளவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் முறை) தெரிந்த புள்ளியியலாளரிடம் போங்கள், டீ வாங்கிக் கொடுங்கள்.

படி 6: திரைக்குப் பின்னால் நிற்பவர்கள்

இரண்டு எண்கள் சேர்ந்து ஆடுகின்றன என்றால் இரண்டையும் ஆட்டுவிக்கும் மூன்றாவது எது என்று தேடுங்கள். ஃப்ளூவில் அது பெரும்பாலும் வைரஸின் அளவு. வியட்நாமில் எச்5என்1 நோயாளிகள் 18 பேரை ஆராய்ந்து 2006இல் வெளியான முடிவுகளில், தொண்டையில் வைரஸ் அதிகம் இருந்தவர்களுக்குச் சைட்டோகைன்கள் அதிகம், டி செல்கள் குறைவு. இறந்தவர்களிடம் இது இன்னும் தூக்கலாக இருந்தது. அப்படியானால் இன்டர்லூகின் நுரையீரலைச் சிதைத்ததா, வைரஸ் இரண்டையும் செய்ததா? ஸ்கேனும் ரத்தமும் மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்ல முடியாது. பி.சி.ஆர். சோதனையின் சுழற்சி எண் (வைரஸ் கூடினால் இது குறையும்) கோப்பில் இருந்தால் ஒரு நெடுவரிசையாகச் சேருங்கள். மாதிரி எடுத்த விதத்தைப் பொறுத்து அது மாறும், இருந்தாலும் இல்லாததற்கு மேல்.

ஸ்டீராய்டு கொடுத்த நேரம் கட்டாயம் வேண்டும். ஊசி போட்ட சில மணி நேரத்திலேயே லிம்ஃபோசைட் இறங்கும், நியூட்ரோஃபில் ஏறும். ஸ்டீராய்டு யாருக்குக் கொடுப்பார்கள்? ஸ்கேன் மோசமாக இருப்பவருக்கு. ஆக ஸ்கேன் மோசமானால் லிம்ஃபோசைட் குறைகிறது என்ற அழகான கோடு ஒன்று மருந்தறையிலேயே தயாராகிவிடும். ஸ்டீராய்டுக்கு முன் எடுத்த ரத்தத்தை மட்டும் பயன்படுத்துவது நல்லது. ஃப்ளூ வைரஸுக்கான ஒசெல்டாமிவிர் மருந்து எந்த நாளில் தொடங்கியது, வயது, சர்க்கரை நோய், இவையும் கோப்பில் இருக்கட்டும்.

ஸ்கேனே எடுக்காதவர்களையும் மறக்க வேண்டாம். லேசாக வந்து போனவருக்கு எடுத்திருக்க மாட்டார்கள். வென்டிலேட்டரில் இருந்தவரை நகர்த்த முடியாது என்று படுக்கையிலேயே எக்ஸ்ரே எடுத்திருப்பார்கள். கர்ப்பிணிக்குத் தயங்கியிருப்பார்கள். உங்கள் கையில் இருப்பது நடுத்தரக் கூட்டம், இரு முனையும் வெட்டுப்பட்டது. சேர்ந்தவர்கள் எத்தனை பேர், ஸ்கேன் இருந்தவர்கள் எத்தனை பேர், 24 மணி நேர ஜோடி இருந்தவர்கள் எத்தனை பேர் என்று இறங்கு வரிசையில் ஒரு படமாக முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

படி 7: எழுதும்போது

“லிம்ஃபோசைட் குறைவு நுரையீரல் சேதத்தை முன்கூட்டியே சொல்கிறது” என்று எழுதாதீர்கள். ஒரே நாளில் எடுத்த இரண்டில் எது முன், எது பின்? முன்கூட்டிச் சொல்ல வேண்டுமானால் மூன்றாம் நாள் ரத்தத்தையும் எட்டாம் நாள் ஸ்கேனையும் ஜோடியாக்க வேண்டும். அது வேறு ஆய்வு, வேறு தரவு. உங்களிடம் இருப்பதை இப்படி எழுதலாம்: “நோயின் 4 முதல் 7ஆம் நாளுக்குள், ஸ்டீராய்டு தொடங்கும் முன், 24 மணி நேரத்துக்குள் எடுத்த ஜோடிகளில், ஸ்கேன் மதிப்பெண் கூடியவர்களுக்கு லிம்ஃபோசைட் குறைவாக இருந்தது.” நீளமான வாக்கியம்தான். வழிகாட்டி ஆசிரியர் சுருக்கச் சொல்வார். நாளையும் மருந்தையும் சுருக்கிவிடாமல் வேறு எதையாவது சுருக்கிக் கொடுங்கள்.

புள்ளிப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் நோய் நாளைச் சிறிய எண்ணாக அச்சிடுங்கள். என் பழைய படத்தை அண்மையில் தேடியெடுத்து அப்படி எண் போட்டுப் பார்த்தேன். மேலே வலப்பக்கம் நின்ற புள்ளிகள் 12, 13, 14. கீழே இடப்பக்கம் 2, 3, 3, 4.